முன்னணையில் ஒரு வைக்கோல் கூடுதல்

ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்
26 நவம்பர் 2025

ராஜபாய் அக்காவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கூட்டிப்போக வந்த உங்கள் கையிலிருந்து ஆர்ஷாவின் உடுப்புப் பையைப் பிடுங்கி வைத்தது நான்தான். அப்போது உங்கள் கை வாசல் கம்பியில் இடித்தது. வேண்டுமென்று செய்யவில்லை, ஆனாலும் இடித்தது. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். பையைத் தராததற்குக் கேட்கவில்லை.

போனில் பேசினால் இருவரும் கத்துவோம். உங்கள் கல்லாற்றில் பாதிப் பேச்சு ரேஞ்ச் இல்லாமல் போகும், மீதி கோபத்தில் போகும். அதனால் எழுதுகிறேன்.

உங்கள் தங்கை ஷீஜா இறந்து ஐந்து மாதமாகிறது, இந்த வீட்டில் ஒரு ஜெபச் சத்தம் உண்டா என்று கேட்டீர்கள். சாலை மார்க்கெட்டில் ஆயிரம் கிறிஸ்துமஸ் குடில், புல்கூடு செட் விற்கிறவன் வீட்டில் ஒரு புல்கூடு உண்டா என்று கேட்டீர்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு சீரியல் பல்பின் விலை தெரியும், இயேசுவின் பெயர் தெரியாது என்றீர்கள். எல்லாம் நிஜம். டிசம்பர் எனக்கு ஓட்டமான மாதம். கல்யாணமான நாளிலிருந்து எல்லாக் கிறிஸ்துமஸ் அன்றும் நான் செத்தவன் மாதிரித் தூங்கியிருக்கிறேன். ஷீஜாதான் தனியாக சபைக்குப் போனாள்.

ஒரு பேச்சு பேசிக்கொள்வோம். இந்த டிசம்பரை எனக்குத் தாருங்கள். இந்த வயதுப் பிள்ளைக்கு வீட்டில் வைத்து என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் எழுதுங்கள். நீங்கள் ஞாயிறு பள்ளி நடத்துகிறவர். எழுதினபடி நான் செய்கிறேன். கிறிஸ்துமஸ் அன்று வந்து பிள்ளையிடமே கேளுங்கள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றால் சபை மூப்பர்கள் முன்னால் நானே அந்தப் பையை எடுத்து உங்கள் கையில் தருவேன். தெரிந்தால் பிள்ளை என்னோடு. பதினாறு வயதில் மூட்டை சுமக்க சாலைக்கு வந்தேன். சொன்ன சொல்லை மாற்றியிருந்தால் இன்று எனக்கு அங்கே கடை இருக்காது.

சத்தியதாஸ்


கல்லாறு
29 நவம்பர் 2025

தம்பி சத்தியதாஸுக்கு, ஆண்டவருடைய சமாதானம் உன் வீட்டில் இருக்கட்டும்.

கை வீக்கம் வற்றிவிட்டது. நீ கேட்டதற்குச் சம்மதம். உனக்காக அல்ல, பிள்ளைக்காக. என் வீட்டுக்காரர், உன் தாசையன் அண்ணன், கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு, ஸ்டார் விக்கிறவனுக்கு நாம ஸ்டார் ஒட்டப் படிச்சுக் கொடுக்கணும்" என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்று வயதுப் பிள்ளைக்குப் பிரசங்கம் வேண்டாம். கைக்கு வேலை கொடு. கடையில் இருந்து ஒரு புல்கூடு கொண்டுவந்து அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில் வை. மாட்டுத் தீவனத் தொட்டி, அந்த முன்னணை, வெறுமையாக இருக்கட்டும். பாலன் இயேசுவைக் கிறிஸ்துமஸ் வரைக்கும் எடுத்து ஒளித்து வை. ஒரு டப்பாவில் வைக்கோலைச் சின்னச் சின்னதாக வெட்டிப் போட்டுக்கொள். அவள் ஒரு நல்ல காரியம் செய்யும்போதெல்லாம் ஒரு வைக்கோலை எடுத்து அவளே முன்னணையில் வைக்கட்டும். பாலனுக்கு மெத்தை அப்படித்தான் ஆக வேண்டும். நீயும் செய்தால் நீயும் வைக்கலாம். அதற்கு நீ நல்ல காரியம் செய்ய வேண்டும்.

மரியாளையும் யோசேப்பையும் வாசலோரம் வைத்துத் தினம் ஓர் அடி நகர்த்து. வரும்போது வழியில் யார் யார் இடமில்லை என்றார்கள் என்று கதையாகச் சொல். நட்சத்திரத்தைக் கடைச் சரக்கில் எடுக்காதே. அவளே அட்டையைக் கிழித்து ஒட்டட்டும், கோணலாக இருக்கட்டும்.

கணக்குப் பார்க்காதே. உனக்கு அதுதான் கஷ்டமாக இருக்கும்.

ராஜபாய்


ஸ்ரீவராகம்
7 டிசம்பர் 2025

அக்காவுக்கு,

ஒன்றாம் தேதி ஆரம்பித்தோம். கணக்குப் பார்க்காதே என்று எழுதினீர்கள், ஆனாலும் பார்த்தேன். கண்ணாடிச் சாமான் பொதிந்து வரும் வைக்கோலில் நல்லதாகப் பார்த்து, நான்கு விரல் நீளத்தில் நூறு வெட்டி டப்பாவில் போட்டேன். ஒவ்வொரு நல்ல காரியத்துக்கும் காலண்டரில் ஒரு கோடு. பழக்கம் விடவில்லை.

ஆர்ஷா முதல் நாளே ஒரு வைக்கோல் வைத்தாள். காக்காவுக்குப் பாதி பிஸ்கட் போட்டதற்கு. மீதிப் பாதியைக் காக்கா பிடுங்கிக்கொண்டது, அதற்கும் ஒன்று கேட்டாள். கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் மரியாள் பிரிட்ஜ் வரைக்கும் வந்தாள். "பிரிட்ஜ் இடமில்லைன்னு பறஞ்சு" என்கிறாள். பிளே ஸ்கூலில் மலையாளம்தான், அது இவள் தமிழில் கலந்துவிட்டது. பாலனை அவள் "உண்ணி" என்றுதான் சொல்கிறாள். "உண்ணிக்குத் தணுக்குமோ?" என்று தினம் கேட்கிறாள். குளிரும், அதனால்தான் வைக்கோல் என்றேன்.

எதிர்வீட்டு லலிதாம்பாள் மாமியை உங்களுக்குத் தெரியும். காலையில் பிளே ஸ்கூல் முடிந்ததும் பிள்ளை அங்கேதான் இருப்பாள். நான் ஒன்றரைக்குக் கடையிலிருந்து வந்து கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பாடு கொடுத்து, அவளோடு முக்கால் மணி நேரம் படுத்துவிட்டு, அவளை மாமியிடம் விட்டு மறுபடி கடைக்குப் போவேன். மாமி முன்னறையைப் பார்த்துவிட்டு, "உங்க குழந்தை இயேசுவுக்கு எங்காத்து வைக்கோலும் ரெண்டு தரட்டுமா" என்று கேட்டாள். நல்ல மனுஷி.

ஒரு சின்ன விஷயம். சனிக்கிழமை வரை கோடு ஒன்பது. முன்னணையில் வைக்கோல் பத்து. ஆர்ஷா கள்ளத்தனமாக வைத்தாளா என்று பார்த்தேன். அவள் வைத்தால் நீட்டமாகத் தொப்பென்று போடுவாள். இந்தப் பத்தாவது ஒரு முனையில் மடிந்திருந்தது. ஒடியவில்லை, நகத்தால் நீவி மடித்த மாதிரி. மாமியைக் கேட்டேன், அவள் தொடவில்லை என்றாள். பெரிய விஷயமில்லை. சரக்கு குறைந்தால்தான் கேட்பது வழக்கம், கூடியதால் எழுதுகிறேன்.

சத்தியதாஸ்


கல்லாறு
10 டிசம்பர் 2025

சத்தியதாஸுக்கு,

அந்த வைக்கோல் எத்தனை முறை மடிந்திருந்தது? மடித்த முனை உள்பக்கமா வெளிப்பக்கமா? எடுத்துத் தபாலில் அனுப்பு. பிள்ளையிடம் ஒன்றும் கேட்காதே.

ஷீஜா உன்னிடம் ஏதாவது சொல்லியிருக்கிறாளா? சொல்லியிருந்தால் நேராக எழுது. அதை வைத்து என்னிடம் விளையாடாதே. ஷீஜா உன்னைக் கட்டுவதை நான் ஏன் வேண்டாம் என்றேன் என்று உனக்குத் தெரியும். அந்தக் கோபத்தை நீ இப்படித் தீர்க்கிறாய் என்றால் அது பாவம்.

ராஜபாய்


ஸ்ரீவராகம்
14 டிசம்பர் 2025

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் எனக்குப் புரியவில்லை. ஷீஜா வைக்கோலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. விளையாட எனக்கு நேரமும் இல்லை. இரண்டு முறை மடிந்திருக்கிறது, உள்பக்கமாக. இத்துடன் ஒட்டி வைத்திருக்கிறேன்.

அது ஒன்றோடு நிற்கவில்லை. நேற்றைக்குக் கோடு பதினேழு, வைக்கோல் இருபத்தைந்து. கூடுதல் எட்டும் மடித்தவை. காலையில் நான் கடைக்குப் போகும்போது எண்ணுகிறேன், மத்தியானம் வந்ததும் எண்ணுகிறேன், சரியாக இருக்கிறது. படுத்து எழுந்து எண்ணினால் ஒன்று கூடியிருக்கிறது. பட்டப்பகல், அக்கா. ரோட்டில் மீன்காரன் கூவிக்கொண்டு போகிறான், மாமி வீட்டில் குக்கர் விசில் கேட்கிறது. அந்த நேரத்தில் நடக்கிறது. கதவு உள்ளே தாழ்ப்பாள். வீட்டில் நானும் பிள்ளையும் மட்டும்.

இன்னொன்று. காலையில் மாமிதான் ஆர்ஷாவுக்குத் தலை வாரி ஒற்றைக் குடுமி போட்டுவிடுகிறாள். எனக்குப் பின்னத் தெரியாது. மத்தியானம் எழுந்து கடைக்கு ஓடும் அவசரத்தில் அவள் தலையை நான் பார்ப்பதில்லை. சாயங்காலம் நான் வரும்போது பிள்ளைக்கு இரட்டைப் பின்னல். மாமி போட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை மாமி என்னைப் பார்த்து, "நன்னாப் பின்னக் கத்துண்டுட்டேளே, ஆம்பளை கையால பின்னினதாட்டமே இல்லை" என்றாள். நான் பின்னவில்லை மாமி என்றேன். அவள் பிள்ளையின் பின்னலைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "மத்தியானம் உங்காத்துல யாரோ முணுமுணுன்னு பாடறா. ரேடியோன்னு நெனச்சேன்."

எங்கள் வீட்டில் ரேடியோ இல்லை.

கேட்காதே என்று எழுதினீர்கள், நான் கேட்டுவிட்டேன். யார் மக்களே தலை பின்னினது என்று பிள்ளையைக் கேட்டேன். "அம்மை" என்றாள், ஷீஜாவைத்தான். வாயில் பிஸ்கட். அம்மை எப்படி வரும், கதவு பூட்டியிருக்குமே என்றேன். "அம்மை கதவு வழி வராது. அப்பா வழியா வரும்" என்றாள். பிறகு இன்னொரு பிஸ்கட் கேட்டாள்.

நான் பேய்க்குப் பயப்படுகிறவன் இல்லை. சாலையில் குடோனில் தனியாகப் பத்து வருஷம் படுத்தவன். ஆனால் அன்றிலிருந்து மத்தியானம் படுக்கும் முன்னால் தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்க்கிறேன். கடையில் களவு பிடிக்க வைத்திருந்த கேமராவைக் கழற்றிக் கொண்டுவந்து முன்னறையில் மாட்டியிருக்கிறேன்.

சத்தியதாஸ்


கல்லாறு
16 டிசம்பர் 2025

தம்பி சத்தியாவுக்கு,

நீ அனுப்பினதைப் பார்த்தேன். ஆற்றங்கரைக் கல்லில் போய் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். உன் அண்ணன் தேடி வந்து கூட்டிப் போனார்.

இதை யாரிடமும் நான் சொன்னதில்லை, அவரிடம்கூட. அப்போது ஷீஜாவுக்கு நாலு வயது, எனக்குப் பதினைந்து. எங்கள் அம்மைக்குச் சுகமில்லை, அவளை நான்தான் வளர்த்தேன். இந்த வைக்கோல் பழக்கத்தை அப்போது அவளுக்கு நான்தான் ஏற்படுத்தினேன். நல்ல காரியம் செய்துவிட்டு ஓடி வந்து ஓடி வந்து சொல்லுவாள். புகழ்ச்சிக்காகச் செய்யக் கூடாது என்று நான் ஒரு சட்டம் போட்டேன். யாருக்கும் சொல்லாமல் செய்த காரியத்துக்கு வைக்கோலை இரண்டு முறை உள்ளே மடித்து வைக்க வேண்டும். மடித்த வைக்கோலைக் கண்டால் யார் வைத்தது, எதற்கு வைத்தது என்று மற்றவர் கேட்கவே கூடாது. எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம். அவள் வளர்ந்த பிறகும் விடவில்லை. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தலையணைக்கு அடியில் மடித்த வைக்கோல் ஒன்று கிடந்தது. கேட்கவில்லை.

அவள் இடதுகைக்காரி. அடித்துத்தான் மாற்றினோம். சோறும் எழுத்தும் வலதுகைக்கு வந்தன. தலை பின்னுவதும் வைக்கோல் மடிப்பதும் கடைசி வரை இடதுகைதான். இடதுகையால் மடித்தால் முனை எந்தப் பக்கம் சாயும் என்று எனக்குத் தெரியும். நீ அனுப்பினதும் அப்படித்தான் சாய்ந்திருக்கிறது.

நான் தினமும் ஜெபிக்கிறவள். மரித்தவர்கள் ஆண்டவரிடம் இருக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். இது என்ன என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு சின்னப் பிள்ளை அந்த வீட்டில் இருக்கக் கூடாது. இருபதாம் தேதி சனிக்கிழமை வருகிறேன். பையை எடுத்து வை. கிறிஸ்துமஸ் வரை காத்திருக்க முடியாது.

ராஜபாய்


ஸ்ரீவராகம்
18 டிசம்பர் 2025

அக்காவுக்கு,

தபாலில் போட்டால் தாமதமாகும். கல்லாற்றுப் பக்கம் வரும் விதுர பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் கடிதம் இன்று காலையில் வந்தது. அதைப் படிப்பதற்கு முன்னாலேயே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. மூன்று நாள் கேமரா ஓடியது. மூன்று நாளும் ஒரே காட்சி. சொல்லிவிடுகிறேன். விரிசல் விழுந்த சாமானைத் திருப்பி வைத்து விற்கிற ஆள் நான் இல்லை. இதைச் சொன்னால் பிள்ளையை உங்களிடம் விட வேண்டி வரும் என்று தெரிந்தும் சொல்கிறேன்.

மத்தியானம் இரண்டு முப்பத்தைந்து. முன்னறைக்கு ஒரு ஆள் வருகிறார். அது நான்தான். லுங்கி, பனியன், கண் திறந்திருக்கிறது. நடை என்னுடையதல்ல. நான் காலை உதறி நடப்பேன், மூட்டை சுமந்த நடை. அதில் நான் தரையில் ஈரம் இருக்கிற மாதிரி மெல்ல மெல்ல வைக்கிறேன். பின்னாலேயே ஆர்ஷா சீப்பும் ரிப்பனும் எடுத்துக்கொண்டு வந்து எனக்கு முதுகைக் காட்டி உட்காருகிறாள், தினம் செய்கிற காரியம் மாதிரி. நான் பின்னுகிறேன். இடதுபக்கம் முதலில். வாய் அசைகிறது. கேமராவில் சத்தம் இல்லை. பின்னி முடித்து, கழற்றிப் போட்ட அவளுடைய உடுப்பை மடித்து வைக்கிறேன். தண்ணீர் பாட்டிலை அவள் கைக்கு எட்டுகிற இடத்துக்கு நகர்த்துகிறேன். பிறகு ஆர்ஷா டப்பாவைத் திறந்து ஒரு வைக்கோலை நீட்டுகிறாள். நான் வாங்கி மடிக்கிறேன். இடதுகை. என் இடதுகைச் சுண்டுவிரல் மூட்டை விழுந்து ஒடிந்தது, இருபது வருஷமாக மடங்காது. அதில் மடங்குகிறது.

எனக்கு ஒன்றும் நினைவில்லை. எழுந்திருக்கும்போது நன்றாகத் தூங்கின சுகம்தான்.

டாக்டரிடம் போனேன். சீசன் வேலை, தூக்கக் குறைவு, துக்கம், சிலருக்கு இப்படி வரும் என்றார். மாத்திரை எழுதித் தந்தார். தெரியாத பின்னல் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். மனைவி பின்னுவதைத் தினம் பார்த்திருப்பீர்கள், மனது எடுத்து வைத்திருக்கும் என்றார். சரி என்றே வைத்துக்கொண்டேன். இன்று காலையில் உங்கள் கடிதம் வந்தது. வைக்கோலை நான் எங்கே பார்த்தேன் அக்கா? நான் டிசம்பரில் வீட்டிலேயே இருந்ததில்லையே.

மாத்திரையை இன்னும் போடவில்லை. எதற்கென்று கேட்காதீர்கள்.

தன் உடம்பு என்ன செய்கிறது என்று தெரியாத மனுஷனிடம் ஒரு சின்னப் பிள்ளை இருக்கக் கூடாது என்று நீங்கள் சொன்னால், அது நியாயம்தான். பையை எடுத்து வைத்திருக்கிறேன். அவளுடைய மஞ்சள் போர்வை இல்லாமல் தூங்க மாட்டாள், அதையும் வைத்தேன். சனிக்கிழமை எனக்குக் கடையில் நெருக்கடி, ஆனாலும் மத்தியானம் வீட்டில் இருப்பேன்.

சத்தியதாஸ்


கல்லாறு
21 டிசம்பர் 2025

தம்பி சத்தியாவுக்கு,

நேற்று நீ எழுந்து பார்க்கும்போது பை நீ வைத்த இடத்திலேயே இருந்திருக்கும். நான் வரவில்லை என்று நினைத்திருப்பாய். வந்தேன்.

இரண்டேகாலுக்கு வந்துவிட்டேன். மாமி, "அவர் தூங்கறார், சத்தம் போடாம வாங்கோ" என்று தன்னிடம் இருந்த சாவியைத் தந்து, தாழ்ப்பாளைத் திறக்க ஜன்னல் வழியாக ஆர்ஷாவைக் கூப்பிட்டாள். பிள்ளை ஸ்டூல் போட்டு ஏறித் திறந்தாள். "பெரியம்மே, மிண்டாதே" என்று என் வாயைப் பொத்தினாள். நாங்கள் முன்னறையில் உட்கார்ந்தோம்.

நீ வந்தாய். நான் உன் பெயரைக் கூப்பிட வேண்டும் என்று எழுந்தேன், பிள்ளை என் சேலையைப் பிடித்து இழுத்தாள். நீ என்னைத் தாண்டிப் போய்ப் பிள்ளைக்குப் பின்னி முடித்தாய். சத்தம் இல்லை என்று எழுதினாயே. சத்தம் உண்டு. எங்கள் அம்மை படுத்திருந்த வருஷம் ஷீஜாவைத் தூங்கவைக்க நானே இட்டுக்கட்டிப் பாடின நாலு வரி. அதற்கு எழுத்தும் இல்லை, புத்தகமும் இல்லை. இரண்டாவது வரியில் எனக்கு எப்போதும் ராகம் தப்பும். அந்தத் தப்போடுதான் நீ பாடினாய்.

பிறகு பிள்ளை இரண்டு வைக்கோல் எடுத்தாள். "பெரியம்மைக்கும் ஒண்ணு" என்றாள். நீ ஒன்றை மடித்து முன்னணையில் வைத்தாய். இரண்டாவதை மடித்து என்னிடம் வந்து, என் கையை விரித்து, உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினாய். கை குளிர்ந்திருந்தது. உன் கண் என்னைப் பார்க்கவில்லை. திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாய்.

ஷீஜா உன்னைக் கட்டியதால் நான் நாலு வருஷம் அவளோடு பேசவில்லை. சுகமில்லை என்று சொல்லி அனுப்பினாள். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று இருந்தேன். நான் வந்து சேர்ந்தபோது துணி போட்டு மூடியிருந்தார்கள். பிள்ளையை நான் கேட்டதில் பாதி அதற்குத்தான். அவளுக்குச் செய்யாததைப் பிள்ளைக்குச் செய்து தீர்க்கலாம் என்று. இதை உன்னிடம் சொல்ல இத்தனை நாள் ஆனது.

கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் மூன்று விதுர பஸ் போன பிறகுதான் ஏறினேன். எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளைக்குப் பயமில்லை. நான் போட்ட சட்டம், மடித்ததைக் கண்டால் கேட்கக் கூடாது. நான் கேட்கப் போவதில்லை. பிள்ளையைத் தா என்றும் கேட்கப் போவதில்லை.

ஆனாலும் சும்மா விட முடியாது. எப்படி என்று கிறிஸ்துமஸ் அன்று உட்கார்ந்து பேசுவோம். உன் அண்ணனும் வருகிறார்.

ராஜபாய்


ஸ்ரீவராகம்
28 டிசம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

வாயால் பேசி முடித்ததைப் பேப்பரில் எழுதி வைப்பது என் வழக்கம். பிறகு யாரும் நான் அப்படிச் சொல்லவில்லை என்று சொல்ல இடமிருக்காது.

முதலில் பந்தயம். கிறிஸ்துமஸ் அன்று ஆர்ஷா உண்ணியை முன்னணையில் வைத்துவிட்டு எல்லார் முன்னாலும் சொன்னது: "உண்ணிக்கு இடமில்லைன்னு எல்லாரும் பறஞ்சு. மாடு மட்டும் சரின்னு பறஞ்சு. அதுனால உண்ணி மாட்டு வீட்டில இருக்கு." தாசையன் அண்ணன், "இது போதும், பாஸாக்கிரு" என்றார். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாஸ் என்றீர்கள். சாட்சிக்கு லலிதாம்பாள் மாமி இருக்கிறாள்.

இனி நாம் ஒத்துக்கொண்டது. ஆர்ஷா இங்கே என்னோடு இருப்பாள். மாதத்தில் இரண்டாவது வெள்ளி சாயங்காலம் நானே கல்லாற்றில் கொண்டுவந்து விடுவேன், ஞாயிறு ஆராதனை முடிந்து கூட்டி வருவேன். ஏப்ரல், மே விடுமுறை முழுக்க உங்களோடு. டிசம்பர் ஒன்றாம் தேதி முதல் நீங்கள் இங்கே வந்து தங்குவீர்கள். அந்த ஒரு மாதம் வீட்டில் உங்கள் சொல்தான், நான் கடையைப் பார்ப்பேன். கிறிஸ்துமஸ் அன்று நான் தூங்கக் கூடாது, சபைக்கு வர வேண்டும்.

மத்தியானம் நான் படுக்கிற முக்கால் மணி நேரமும் மாமி முன்னறையில் உட்கார்ந்திருப்பாள். தையல் வேலையை இங்கே கொண்டுவந்து செய்துகொள்கிறேன் என்று அவளே சொன்னாள். கேஸை சிலிண்டரிலேயே அடைத்துவிட்டுத்தான் நான் படுப்பேன். வாசல் சாவி மாமி இடுப்பில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டரைப் பார்ப்பேன், சீட்டை உங்களுக்கு அனுப்புவேன். பிள்ளைக்கு ஆபத்தாக ஒரு நாள் ஏதாவது நடந்தாலும், மறுபேச்சு இல்லாமல் அன்றைக்கே உங்களிடம் விடுவேன். கேமராவில் உள்ளதை அழித்துவிட்டேன். ஞாயிறு பள்ளியில் அவளை யாரும் தாயில்லாப் பிள்ளை என்று கூப்பிடக் கூடாது, அதை நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். பேய் என்றோ வியாதி என்றோ ஒரு பெயரை அவள் காதில் போடக் கூடாது. பெரியவளானதும் அவளாகக் கேட்டால், நாம் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்துதான் சொல்ல வேண்டும்.

கடைசியாக, நீங்கள் படியிறங்கும்போது சொன்னீர்களே, அதற்கும் சம்மதம், அதையும் எழுதுகிறேன். மாத்திரை மேஜைமேல் இருக்கும், போடுவதும் போடாததும் என் இஷ்டம். நான் எழுந்து நடந்தால், யாரும் என்னைத் தட்டி எழுப்பக் கூடாது.

இதில் உங்களுக்குச் சம்மதம் என்றால் அடியில் கையெழுத்துப் போட்டு ஒரு பிரதியைத் திருப்பி அனுப்புங்கள்.

சத்தியதாஸ்